ஊருக்காகப் பேரம் பேசுகிறவர்கள்

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூட்டம் சேரத் தொடங்கும் அதே வாரத்தில், சிறுவயதில் நான் போய்வந்த சபையில் லோத்தின் கதை தொடங்கிவிடும். பிரசங்கியார் மாறுவார், பாட்டு மாறும், லோத்து மட்டும் மாறமாட்டார். சோதோம் பட்டணம் கெட்டுப்போகிறது. தேவன் அதை அழிக்கப்போகிறார். தூதர்கள் வந்து லோத்தையும் அவன் வீட்டாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். திரும்பிப் பார்த்த மனைவி உப்புத்தூண் ஆகிறாள். இந்த இடத்தில் பிரசங்கியார் கொஞ்சம் நிறுத்துவார். வெளியே ரதவீதிப் பக்கமிருந்து மேளச்சத்தம் கேட்கும். "கேட்டீங்களா? இதுதான் ஊரு. திரும்பிப் பாக்காதீங்க."

அந்த மேளம் எதற்காக என்று எனக்கு அப்போது தெரியாது. பள்ளித் தோழன் ஒருவன்தான் சொன்னான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள். ஒன்றுக்குச் சிவன் பெரிது, மற்றதற்குத் திருமால் பெரிது. சண்டை தீரவில்லை. இரண்டு பேரையும் ஒரே உடம்பில் பார்க்க வேண்டும் என்று கோமதி அம்மன் தபசு நிற்கிறாள், சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிறார். எங்கள் சபையில் அந்த வருஷம் இரண்டு அணிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தன. சேகர கமிட்டித் தேர்தல் தகராறு. ஏழாம் வகுப்புப் பையனான எனக்கே உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தால் பாவமோ என்று பயமாகவும் இருந்தது.

கெட்டுப்போன உலகத்துக்கு அங்கே ஒரு பட்டியல் உண்டு. எங்களுக்கெல்லாம் மனப்பாடம். சினிமா, டாஸ்மாக், செல்போன், பெண்பிள்ளைகளின் உடுப்பு, காதல், 'லிவிங் டுகெதர்' (இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்). இருபது வருஷமாக அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது இன்ஸ்டாகிராம் ஒன்றுதான். வரதட்சணை அதில் ஒருநாளும் வந்ததில்லை, சாதி வந்ததில்லை, விசைத்தறிக் கூலி பாக்கி வந்ததில்லை. பட்டியலில் இருந்த எல்லாமே மதிலுக்கு வெளியே இருந்தவை. அல்லது வெளியிலிருந்து உள்ளே வந்துவிடுமோ என்று பயந்தவை.

சமூகத்தின் ஒழுக்கம் சரிகிறது என்று ஒரு விசுவாசிக்குத் தோன்றினால் அவர் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியை நான் பிரசங்கங்களை விட்டுவிட்டுத் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்திடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். பிரசங்கத்துக்குப் பதில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நாவலும் தன்வரலாறும் எழுத எழுதத்தான் பதிலைத் தேடுகின்றன. சில நேரம் எழுதியவர் நினைத்ததற்கு எதிரான இடத்தில் போய் நிற்கின்றன.

முதலில் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் நெல்லைப் பக்கம் கரையிருப்பில் பிறந்த வைணவ வெள்ளாளர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக வேலை பார்த்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் எடுத்தார். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. ஜான் பனியன் சிறையில் இருந்தபோது எழுதத் தொடங்கி 1678-இல் அச்சான 'பரதேசியின் மோட்சப் பிரயாணம்' அதற்கு மூலம். ஆனால் கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்ப்பவர் போல எழுதவில்லை. கம்பனைக் கரைத்துக் குடித்தவர் அவர். அந்த இங்கிலாந்துக் கதையைப் பருவம் பருவமாகப் பிரித்துத் தமிழ்க் காப்பியமாக்கினார். நடுவில் தேவாரம் போன்ற பாடல்களை வைத்தார். எங்கள் பக்கத்து வீடுகளில் காப்பியமாக அதைப் படித்தவர்கள் குறைவு, துதிப் பாடல்களாகப் பாடியவர்கள் அதிகம்.

கதையின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தன் ஊர் அழியப்போகிறது என்று ஒருவன் தெரிந்துகொள்கிறான். முதுகில் பாவச்சுமை. வீட்டாரிடம் சொல்கிறான், அவர்கள் இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பனியனின் நாயகன் மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். கல்லூரியில் இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊர் எரியப்போகிறது என்று தெரிந்தவன் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டா ஓடுவான்? பனியனுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி மனைவியையும் பிள்ளைகளையும் அதே பாதையில் அனுப்பிவைத்தார்.

ஆனால் கிருஷ்ணபிள்ளையைப் பனியனோடு மட்டும் வைத்துப் படித்தால் ஒன்று தப்பிப்போகும். திருநெல்வேலிச் சீமையில் ஊரை விட்டு ஓடுவது வெறும் உருவகமாக இருந்ததில்லை. 1799-இல், புதிதாக மதம் மாறியவர்கள் அடி தாங்க முடியாமல் தவித்தபோது, டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முயற்சியில் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார்கள். முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர். ரேனியஸ் காலத்தில் இப்படி நிலம் வாங்குவதற்கென்றே ஒரு தர்ம சங்கம் இருந்தது. நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர் என்று இன்று நாம் பஸ்ஸில் போகிற வழியில் பார்க்கிற பெயர்ப்பலகைகள் பலவற்றுக்குப் பின்னால் வீடு எரிக்கப்பட்டவர்கள், கிணறு மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பரிசுத்தம் கெட்டுவிடும் என்று ஓடவில்லை. உயிர் பிழைக்க ஓடினார்கள். வேறொரு வாழ்க்கையை, மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்கிற ஒரு வாழ்க்கையைத் தேடி ஓடினார்கள். அந்த ஓட்டத்தை நான் கேலி செய்யமாட்டேன். செய்ய எனக்கு உரிமையும் இல்லை. என் பூட்டனாரும் ஓடி வந்தவர்தான்.

என் சிக்கல் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. அடைக்கலத்துக்காகக் கட்டிய சுவர் இரண்டு தலைமுறையில் ஒழுக்கத்தின் எல்லைக்கோடாக மாறிவிட்டது. உள்ளே இருப்பவன் நல்லவன், வெளியே இருப்பது உலகம்.

இதற்கு ஒரு கசப்பான முன்கதையும் உண்டு. 1849-இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்கள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதன் நீண்ட ஆங்கிலத் தலைப்பிலேயே 'ஒழுக்க நிலை' என்ற பொருளில் சொற்கள் உண்டு. இடையன்குடியில் அந்த மக்களோடு தன் வாழ்நாளைக் கழித்தவர், அவர்களுக்காக உழைத்தவர், அவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் மேட்டில் நின்றுகொண்டு குனிந்து பார்த்தார். நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு 1857-இல் பிரகாசபுரத்தில் தனிச்சபையே கண்டார். அந்த முறிவுக்குக் காரணங்கள் பல. இந்த நூல் கிளப்பிய கோபமும் அவற்றில் ஒன்று. 'இவர்களுடைய ஒழுக்கம் தாழ்ந்திருக்கிறது' என்று அடுத்தவரால் அளக்கப்பட்டவர்களின் வாரிசுகள் நாங்கள். அந்த அளவுகோலை எப்போது எங்கள் கையில் எடுத்துக்கொண்டோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

சுவருக்கு உள்ளே விளக்கைத் திருப்பிய முதல் நாவலாக ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தன் வீடு' (1964) எனக்குப் படுகிறது. ஒரு காலத்தில் செல்வாக்காக இருந்து நொடித்துப்போன கிறிஸ்தவக் குடும்பம். பனைவிளையில் அந்த வீட்டுக்கு இன்னும் மிச்சமிருப்பது பெயரும், கண்ணப்பச்சி என்கிற கிழவரின் வீம்பும்தான். பேத்தி லிஸி பெரியவளானதும் படிப்பு நிற்கிறது, அவள் உலகம் வீட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. காரணம் கேட்டால் குடும்ப மானம். அதே வீட்டில் அப்பன் குடித்துவிட்டு வேலைவெட்டி இல்லாமல் திரிகிறார். அதனால் மானம் போவதாக யாரும் நினைப்பதில்லை. அவள் மனம் போகிற தங்கராஜ் பனையேறியின் மகன். அவனும் கிறிஸ்தவன், அதே சாதிக்காரன். அப்படியும் பனையேறுகிற கை, பனை சொந்தமாக இருக்கிற கைக்குச் சமம் இல்லை.

ஹெப்சிபாவின் கெட்டிக்காரத்தனம் இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொல்வது. கிழவரை அவர் வெறுக்கவில்லை. நமக்கே பல இடங்களில் கண்ணப்பச்சி மேல் பிரியம் வந்துவிடுகிறது. பிறகு அந்த வீட்டில் ஒரு கொலை விழுகிறது. ஊரின் சந்தேகம் முதலில் போவது தங்கராஜ் பக்கம். கொன்றது யார் என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன், ஆனால் ஆளைத் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. முடிவில் காரியங்கள் கொஞ்சம் சுலபமாகவே கைகூடுகின்றன என்று எனக்கு ஒரு குறை உண்டு. அறுபதுகளில் தொடர்கதை படித்துப் பழகிய வாசகருக்குக் கொடுத்த சலுகையோ என்னவோ. ஆனாலும் கதை முடியும்போது ஒரு கேள்வி அப்படியே கிடக்கிறது. வெளியே இருந்து வரும் அழுக்குக்கு பயந்து ஒரு பெண்ணைப் பூட்டி வைத்த வீட்டுக்குள்ளேயே அழுக்கு இருந்தது என்றால், அந்தப் பூட்டு யாரைக் காப்பாற்றியது?

இந்த நாவலை நான் தாமதமாகத்தான் படித்தேன். அதற்குள் எங்கள் வீட்டிலேயே ஒரு புத்தன் வீடு நடந்து முடிந்திருந்தது.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. நர்சிங் படித்தவள். அவள் விரும்பியவர் எங்கள் சபையிலேயே கிட்டார் வாசித்தவர். ஒரே விசுவாசம், ஒரே ஞானப்பாட்டுப் புத்தகம், ஒரே திருவிருந்துக் கிண்ணம். சாதி மட்டும் வேறு. எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை என்று ஒன்று உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சபையார் எல்லோரும் அரிசியும் பணமும் கொடுத்து ஒன்றாகச் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடுவது. அந்த அசனத்தில் அவருக்குச் சோறு பரிமாறியவர் எங்கள் பெரியப்பா. கல்யாணப் பேச்சு வந்ததும் அதே பெரியப்பா முழங்காலில் நின்று விடியவிடிய ஜெபம் பண்ணினார், இந்தச் சம்பந்தம் கலைய வேண்டும் என்று. "காலம் கெட்டுப்போச்சு, பிள்ளைகள சாத்தான் பிடிச்சுட்டான்" என்று அழுதார். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதார். அவர் நெஞ்சில் சமூகத்தின் ஒழுக்கச் சீர்கேடு என்பதற்கு அன்றைக்கு அக்காவின் முகம்தான் இருந்தது. சபைப் பெரியவர்கள் வந்தார்கள். ஒருவர் தீத்து நிருபத்திலிருந்து வாசித்தார். 'விசுவாசியல்லாதவனை விரும்பியிருந்தால் தப்பு என்று சொல்லலாம், இது எந்த வசனத்தில் தப்பு?' என்று அக்கா கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஆச்சி மட்டும் அடுக்களையிலிருந்து, "அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்கய்யா, காப்பி ஆறுது" என்றாள்.

அக்கா வேறு ஊரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. சில வருஷம் கன்னியாஸ்திரியாக இருந்து, மடத்தை விட்டு வெளியே வந்த கையோடு எழுதிய புத்தகம். ஊரில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டுகிற காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அதிகம் நினைப்பது மடத்துக்குள் நடக்கிற பகுதிகளை. ஏழைகளுக்கு ஊழியம் செய்யலாம் என்று உள்ளே போன பெண் அங்கே காண்பது வசதியான சாப்பாடு, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி, தலித் பிள்ளைகளுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. எளிமை என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் எளிமை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கிறார்.

பாமா ஓடிப்போனவர் என்று சொல்லலாமா? பனியனின் நாயகனைப் போல அவரும் ஒரு இடத்தை விட்டு வெளியே வருகிறார். ஆனால் திசை தலைகீழ். பரிசுத்தம் என்று பெயர் வைக்கப்பட்ட வளாகத்திலிருந்து, கெட்டுப்போனது என்று சொல்லப்பட்ட தெருவுக்குத் திரும்பி வருகிறார். தெருவையும் அவர் மெழுகிக் காட்டவில்லை. குடி, அடிதடி, பெண்டாட்டியை அடிக்கிற கை எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. அதனால்தான் சொந்த ஊர்க்காரர்களுக்கே கோபம் வந்தது. விமர்சகர்களில் சிலருக்கு மொழி மேல் கோபம், கொச்சை என்றார்கள். எனக்கு அந்த மொழி ஒரு பாவசங்கீர்த்தனத்தின் மொழியாகக் கேட்கிறது. கூண்டுக்குள் குருவிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டியதை நடுத்தெருவில் நின்று, தெருவின் தமிழிலேயே சொல்வது. ஒருவர் தன்னுடையதை மட்டும் சொல்லாமல் திருச்சபையுடையதையும் சேர்த்துச் சொல்வது.

கருக்கு வந்து பதினாறு வருஷம் கழித்து, 2008 மார்ச்சில், விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே மாதாவை வணங்கும் இரண்டு சாதிகளுக்குள் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அந்த வருஷத்துக் கன்வென்ஷன் பேச்சுகளில் உலகத்தின் சீர்கேடு என்ற தலைப்பின் கீழ் எறையூர் வந்ததாக எனக்கு நினைவில்லை. சினிமா வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, 'அப்போ உலகத்துல கெட்டதே நடக்கலையா, கண்ண மூடிக்கிடணுமா?' என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. டாஸ்மாக் வாசலில் கிடக்கிற அப்பாவுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போகிற பையன்களை எங்கள் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து 'கடைசிக் காலம்' என்று பெருமூச்சு விடுகிறவரை விட, அந்தப் பையனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறவர் எனக்கு உசத்தி. அவர் ஜெபம் பண்ணுகிறாரா இல்லையா என்று நான் கேட்பதில்லை.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் செய்ததை இந்த இடத்தில் நினைக்கலாம். அவரும் முதலில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர்தான். 1901-இல் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் ஓடி வந்தாள். அதன் பிறகு அவர் வாழ்க்கை பிள்ளைகளுக்குச் சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, காய்ச்சலுக்கு விழித்திருப்பது என்று ஆனது. இந்தியாவில் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிய அவருடைய புத்தகம் மனத்தளர்ச்சி தருவதாக இருக்கிறது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. ஊழியத்தின் வெற்றிக் கதைகளுக்குப் பழகியவர்களுக்கு அது ருசிக்கவில்லை. 1903-இல்தான் வெளிவந்தது. அவர் மேல் எனக்குக் கேள்விகளும் உண்டு. அவர் பார்வையில் இந்து சமயம் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கிறது. டோனாவூரும் தனக்குள் முடங்கிய ஒரு உலகமாகத்தான் வளர்ந்தது. பொட்டுக் கட்டுவதைச் சட்டப்படி ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராட வேண்டியிருந்தது, 1947-இல்தான் அது முழுமையாக நிறைவேறியது. ஆனாலும், ஒரு சமூகத் தீமையைப் பார்த்ததும் அதிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ளாமல், அதில் சிக்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டவர் அவர். 1951-இல் சாகும் வரை சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

லோத்தின் கதைக்கே திரும்பி வருகிறேன். எங்கள் சபையில் அந்தக் கதையை எப்போதும் பத்தொன்பதாம் அதிகாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். ஆதியாகமத்தின் பதினெட்டாம் அதிகாரத்தை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. நானாகவே ஒருநாள் வாசித்தேன். அங்கே லோத்தின் பெரியப்பா ஆபிரகாம் நிற்கிறார். அவர் சோதோமில் குடியிருக்கவில்லை. அந்த ஊர் அழிந்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்ததும் தேவனுக்கு முன்னால் நின்று பேரம் பேசத் தொடங்கிவிடுகிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து? சந்தையில் வத்தல் மூட்டைக்கு விலை பேசுகிற மாதிரி, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே இறங்கி இறங்கிக் கேட்கிறார். நீதிமான்களைப் பிரித்தெடுத்துவிட்டு மற்றவர்களைக் கொளுத்துங்கள் என்று அவர் கேட்கவில்லை. பத்துப் பேருக்காக முழு ஊரையும், அந்தக் கெட்டுப்போன ஊரை, விட்டுவிடச் சொல்கிறார்.

பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். பாபிலோன் ஒன்றும் ஒழுக்கத்துக்குப் பேர்போன ஊர் இல்லை. அவர்களை அடிமையாக்கிக் கொண்டுபோன ஊர்.

எங்கள் வட திருநெல்வேலிக்கு 1850-களில் ராக்லண்ட் வந்தபோது வளாகம் கட்டி உட்காரவில்லை. கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார், 1858-இல் சிவகாசியில் இறந்துபோனார். மதம் பரப்பத்தான் வந்தார், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கூடாரத்துக்கு மதில் கிடையாது. தெருவில் நடப்பது உள்ளே கேட்கும், உள்ளே நடப்பது தெருவுக்குக் கேட்கும். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் நான் மதிக்கிற பகுதி இந்தக் கூடாரத்தில் இருக்கிறது. ஹெப்சிபாவும் பாமாவும் உள்ளே நடப்பதைத் தெருவுக்குக் கேட்கும்படி செய்தவர்கள். அதைச் 'சபையைக் காட்டிக்கொடுப்பது' என்று சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த ஊர் பிழைக்க என்ன வழி என்று தேடுகிறவர்தான் அதன் கணக்கை ஒளிக்காமல் எண்ணிப்பார்ப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆபிரகாமும் ஆள் எண்ணிக்கையில்தான் தொடங்கினார்.

கிருஷ்ணபிள்ளையையும் இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். தான் விட்டுவிட்டு வந்த வைணவ வீட்டின் தமிழை அவர் விடவில்லை. கம்பனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். உப்புத்தூணும் ஆகவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். கன்வென்ஷன் பந்தலில் வழக்கம்போல லோத்து வந்தார். பெரியப்பா இப்போது நடக்கமாட்டார், சக்கர நாற்காலி. அதைத் தள்ளிக்கொண்டு வந்தது அக்காவின் வீட்டுக்காரர். ஆச்சி செத்த வருஷம் பேச்சுவார்த்தை தொடங்கியது. யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. பெரியப்பாவுக்குச் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அக்காதான். பிரசங்கியார் உப்புத்தூணில் நிறுத்தினார். வெளியே மேளம். அக்காவின் மகள், ஆறு வயது, நாற்காலியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, "தாத்தா, அந்தம்மா எதுக்கு திரும்பிப் பாத்தாங்க?" என்று கேட்டாள்.

பெரியப்பா கொஞ்ச நேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க அவளுக்குத் தெரிஞ்சவங்க இருந்திருப்பாங்க" என்றார்.